ஸ்விஃப்ட் காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய காரைச் சற்றே தாழ்த்தி, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே தெரியும் இடைவெளியைக் குறைக்க விரும்புவோர் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். நம் ஊரில் அதிகமாகத் தாழ்த்தப்படும் சிறிய கார்களுள் ஒன்றான மாருதி ஸ்விஃப்டை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. முன்புறம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக இணைந்த அமைப்பு), பின்புறம் டார்ஷன் பீம் (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குத் தண்டு) உள்ள மற்றச் சிறிய கார்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

லோயரிங் ஸ்பிரிங்னா என்ன? ஒரிஜினல் ஸ்பிரிங்குக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

காரின் எடையைத் தாங்குவது சுருள் ஸ்பிரிங். அது குதிக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். லோயரிங் ஸ்பிரிங் என்பது கம்பெனி ஸ்பிரிங்கைவிட உயரம் குறைந்ததாகவும், கூடுதல் விறைப்புள்ளதாகவும் செய்யப்பட்ட மாற்று ஸ்பிரிங். உயரம் குறைவதால் கார் இறங்குகிறது. இறங்கியதால் சஸ்பென்ஷன் மேலேறுவதற்கு மிஞ்சும் இடம் குறைந்துவிடுகிறது. அந்தக் குறைந்த இடத்துக்குள் மேடுபள்ளத்தைத் தாங்க வேண்டியிருப்பதால்தான் விறைப்பு கூட்டப்படுகிறது.

எவ்வளவு இறக்கலாம்? 50 மி.மீ. இறக்கினாதான் பார்க்க நல்லா இருக்குன்னு சொல்றாங்க.

கம்பெனி ஷாக்குடன் பொருத்துவதற்கென்று விற்கப்படும் ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் 25 முதல் 40 மி.மீ. வரை இறக்குபவை. தினமும் ஓட்டும் ஸ்விஃப்டுக்கு 25 முதல் 30 மி.மீ. போதும் என்பதே என் உறுதியான கருத்து. அந்த அளவிலேயே இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி குறைந்து கார் அழகாகத் தெரியும். அதற்குமேல் இறக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் சஸ்பென்ஷன் மேலும் கீழும் நகரும் தூரத்திலிருந்து எடுக்கப்படுவது. 50 மி.மீ. வேண்டும் என்றால் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி அதை அடைய முயலக் கூடாது. உயரம் குறைந்த ஷாக்குகளும் சேர்ந்த முழுத் தொகுப்பே தேவை.

வேகத்தடையில அடி தட்டாதா அண்ணா? எனக்கு அதுதான் பயம்.

பயம் நியாயமானது. ஆனால் எந்த வேகத்தடையில் தட்டும் என்பதைக் கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம். 2018-இல் வந்த ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மி.மீ.; முன் பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள நீளம் 2,450 மி.மீ. இந்தியச் சாலைப் பேராயத்தின் நெறிமுறைப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும், நடுவில் 10 செ.மீ. உயரமும், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவும் கொண்டிருக்க வேண்டும். அதன்மேல் ஏறும்போது ஸ்விஃப்டின் நான்கு சக்கரங்களும் அந்த வளைவின் மீதே இருக்கும். வண்டியின் நடுப்பகுதிக்குக் கீழே மேடு எழும்புவது ஏறத்தாழ 44 மி.மீ. மட்டுமே. 30 மி.மீ. தாழ்த்திய காரில் 133 மி.மீ. மிஞ்சுவதால், முறைப்படி போட்ட வேகத்தடை எந்தத் தொந்தரவும் தராது.

தட்டுவது தெருமுனைகளில் அவரவர் போட்டுக்கொண்ட குட்டையான, செங்குத்தான மேடுகளில்தான். ஒன்றரை அடி அகலமும் 15 செ.மீ. உயரமும் உள்ள மேடு, முன் சக்கரம் தாண்டி பின் சக்கரம் ஏறுவதற்கு முன் முழுவதுமாகக் காரின் வயிற்றுக்கடியில் வந்து நிற்கும். அங்கே 150 மி.மீ. முழுதாக வேண்டும். தாழ்த்தாத ஸ்விஃப்டே ஐந்து பேருடன் அதைத் தொட்டுவிடும். ஆகவே ஸ்பிரிங் வாங்குவதற்கு முன், தினமும் போகும் வழியில் உள்ள மேடுகளில் இரண்டு மூன்றை அளவு நாடாவால் அளந்து பாருங்கள். வீட்டு வாசல் சரிவையும் சேர்த்து அளக்க வேண்டும்; அங்கே முதலில் உரசுவது முன் பம்பரின் கீழ் விளிம்பு.

புது ஸ்பிரிங் எதுக்கு, பழைய ஸ்பிரிங்கிலேயே ஒரு சுத்து வெட்டிவிட்டா போதும்னு மெக்கானிக் சொல்றாரே?

கூடாது. வெட்டினால் கார் இறங்கும், சுற்று குறைவதால் விறைப்பும் கூடும் என்பது உண்மைதான். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்தால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். ஆனால் எவ்வளவு இறங்கும், இரு பக்கமும் ஒரே அளவில் நிற்குமா என்பதற்கு உத்தரவாதமில்லை. கேஸ் வைத்து வெட்டினால் அந்தச் சூடு ஸ்பிரிங் எஃகின் பதத்தைக் கெடுத்து, அந்த இடத்தில் பிற்பாடு விரிசல் விழ வழி செய்யும்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. ஸ்பிரிங்கின் முனை உட்கார, கீழ்த் தட்டில் அதன் வடிவத்துக்கேற்ற, படிக்கட்டு போன்ற சிறு படி ஒன்று இருக்கிறது. வெட்டிய முனை அதில் சரியாக உட்காராது. மேலும், சக்கரம் பள்ளத்தில் முழுவதும் தொங்கும்போதும் ஸ்பிரிங் சிறிதளவு அமுங்கிய நிலையிலேயே இருக்க வேண்டும். வெட்டிய ஸ்பிரிங் அப்போது தளர்ந்து இருக்கையை விட்டு நகர்ந்துவிடலாம். நல்ல லோயரிங் ஸ்பிரிங், தொங்கும் நிலையிலும் பிடிப்போடு இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. கைக்கு வந்த ஸ்பிரிங்கைப் பொருத்திய பிறகு வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் ஸ்பிரிங்கைக் கையால் திருப்பிப் பாருங்கள். அது ஆடினால் அந்தக் காரைச் சாலைக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

ஸ்பிரிங் விறைப்பா இருக்குதானே? அப்புறம் ஏன் பள்ளத்துல விழுந்தா "டொம்"னு அடிக்குது?

இந்தக் கேள்விக்கு விடை புரிந்தால் மற்றவை பெரும்பாலும் தானாகவே புரிந்துவிடும். ஷாக்கின் தண்டில் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் அல்லது நுரைக் கட்டை மாட்டப்பட்டிருக்கும். சஸ்பென்ஷன் கடைசி எல்லைக்கு வரும்போது இரும்பும் இரும்பும் மோதாமல் காப்பது அது. ஒரு பேச்சுக்கு, கம்பெனி ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2 கிலோ எடை வேண்டும் என்றும், அந்தக் கட்டையைத் தொட 60 மி.மீ. இடம் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் 120 கிலோ கூடுதல் சுமை விழும்போதுதான் கட்டை தொடும். அதே காரை 35 மி.மீ. இறக்கினால் மிஞ்சுவது 25 மி.மீ. புதிய ஸ்பிரிங்கின் விறைப்பு முப்பது சதவீதம் கூடி 2.6 கிலோ ஆனாலும், 65 கிலோ சுமையிலேயே கட்டை தொட்டுவிடும்.

பழையபடி 120 கிலோ தாங்க வேண்டுமானால் விறைப்பு 4.8 கிலோவாக, அதாவது இரண்டு மடங்குக்கும் மேலாக உயர வேண்டும். அப்படிப்பட்ட காரில் நம் சாலைகளில் யாராலும் உட்கார முடியாது. ஆகவே கொஞ்சமாக இறக்குவதே நல்ல தீர்வு. சில ஸ்பிரிங் தொகுப்புகளுடன் குட்டையான பம்ப் ஸ்டாப் வரும், அல்லது பழையதை எந்த இடத்தில் எவ்வளவு வெட்ட வேண்டும் என்ற குறிப்பு வரும். குறிப்பு இல்லாமல் அதை வெட்டவோ, "இடம் கிடைக்கும்" என்று எடுத்தெறியவோ கூடாது. அது இல்லாத கார் ஒரே பெரிய பள்ளத்தில் ஷாக்கின் அடி வால்வை உடைத்துக்கொள்ளும், அல்லது டயர் மட்கார்டில் போய் இடிக்கும்.

பழைய ஷாக்கோடவே போடலாமா, இல்ல புதுசு வாங்கணுமா?

இறக்கம் 30 மி.மீ.க்குள் இருந்து, ஷாக்குகள் எண்ணெய் கசியாமல் நல்ல நிலையில் இருந்தால் போடலாம். விறைப்புக் கூடிய ஸ்பிரிங்கை அடக்குவது கம்பெனி ஷாக்குக்குக் கூடுதல் வேலை என்பதால், அதன் ஆயுள் குறையும் என்பதை ஏற்றுக்கொண்டே போட வேண்டும். 60,000 கி.மீ. தாண்டிய காரில் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஸ்பிரிங்கை மாற்ற ஸ்ட்ரட்டை எப்படியும் பிரித்தாக வேண்டும். புதிய ஷாக், மேல் மவுன்ட் (ஸ்ட்ரட்டைக் காரின் உடலோடு பிணைக்கும் மேல் இருக்கை), அதன் பேரிங் ஆகியவற்றை அப்போதே மாற்றிவிட்டால் இரண்டாவது முறை கூலி கொடுக்க வேண்டியதில்லை.

டீசல் ஸ்விஃப்டுக்கு வாங்கின ஸ்பிரிங் நண்பர்கிட்ட இருக்கு. என் பெட்ரோல் வண்டிக்குப் போடலாமா?

போட வேண்டாம். டீசல் இன்ஜின் கனமானது. அதற்கான முன் ஸ்பிரிங் பெட்ரோல் காரில் எதிர்பார்த்த அளவு இறங்காது, மூக்குத் தூக்கி நிற்கும், விறைப்பும் கூடும். அதேபோலத் தொழிற்சாலையிலேயே சி.என்.ஜி. பொருத்தி வந்த கார்களில் டிக்கியில் சிலிண்டரின் எடை நிரந்தரமாக இருப்பதால், பெட்ரோல் காருக்கான பின் ஸ்பிரிங் அங்கே அளவுக்கு மீறி அமுங்கிவிடும். மாடல் ஆண்டு, இன்ஜின் இரண்டையும் சொல்லி, ஸ்பிரிங்கில் அச்சிட்டிருக்கும் எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

வீட்டிலேயே நானே மாத்திடலாமா? ஜாக்கியும் ஸ்பேனர் செட்டும் இருக்கு.

பின்புறத்தைக் கருவிப் பழக்கம் உள்ளவர் செய்யலாம். முன்புறத்தை, ஸ்ட்ரட் பிரித்துப் பழக்கமுள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்ட்ரட்டுக்குள் ஸ்பிரிங் நூறு கிலோவுக்கும் மேலான விசையோடு அமுங்கி நிற்கிறது. அதைப் பிடித்துவைத்திருப்பது உச்சியில் உள்ள ஒரே ஒரு நட். ஸ்பிரிங்கை அமுக்குக் கருவியால் இறுக்காமல் அந்த நட்டைக் கழற்றினால் மேல் மவுன்ட் குண்டுபோல் பறக்கும். இந்த வேலையில் கையிலும் முகத்திலும் பலத்த காயம் பட்டவர்கள் உண்டு. கார் ஜாக்கியின்மேல் மட்டும் நிற்கக் கூடாது. ஜாக்கி ஸ்டாண்ட் கட்டாயம்.

முறை சுருக்கமாக இது: சக்கரத்தைக் கழற்றி, ஸ்ட்ரட்டில் மாட்டியிருக்கும் பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், ஸ்டெபிலைசர் லிங்க் (திருப்பத்தில் கார் சாய்வதைக் குறைக்கும் தண்டின் இணைப்பு) ஆகியவற்றை விடுவிக்க வேண்டும். ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புத் துண்டு) பிணைக்கும் இரண்டு போல்ட்டுகள் இருக்கும் நிலையைக் கழற்றும் முன் பெயின்டால் குறித்துக்கொள்ள வேண்டும்; அந்தத் துளைகளில் உள்ள சிறு தளர்வே கேம்பர் கோணத்தை (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு) மாற்றிவிடும். ஸ்ட்ரட் வெளியே வந்ததும் நக்கிளைக் கம்பியால் கட்டி நிறுத்துங்கள். அது வெளிப்புறமாகச் சாய்ந்தால் டிரைவ் ஷாஃப்டின் உள் மூட்டு கழன்றுவிடும், பிரேக் ஹோஸும் இழுபடும்.

ஸ்ட்ரட்டைப் பிரிக்கும்போது அமுக்குக் கருவியின் இரு கொக்கிகளும் நேர் எதிரெதிரே இருக்க வேண்டும். இரண்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். ஸ்பிரிங் மேல் தட்டை விட்டு விலகிக் கையால் ஆடும் நிலை வந்த பிறகே நட்டைத் தொடலாம். தண்டை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். காற்று கன்னால் அடித்தால் தண்டு உள்ளே சுழன்று ஷாக்கின் சீலைக் கெடுக்கும். புதிய ஸ்பிரிங் ஏறும்போது அதன் கீழ் முனை தட்டின் படியில் ஒட்டி நிற்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். தானே பூட்டிக்கொள்ளும் வகை நட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தாமல் புதியவற்றைப் போட வேண்டும். எல்லாவற்றையும் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்க வேண்டும்.

பின்னாடி எப்படி? அங்கயும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேணுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஸ்விஃப்டின் பின்புறத்தில் ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் தனியாகவும் இருக்கின்றன. பீமின் அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்கி, இரு ஷாக்குகளின் கீழ் போல்ட்டுகளையும் கழற்றி, பீமை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வரும். இறக்கும்போது பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், ஏபிஎஸ் வயர் மூன்றும் இழுபடாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கிய வேலை. மேலும் கீழும் உள்ள ரப்பர் இருக்கைகள் பிளந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

இங்கே பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. ரப்பர் புஷ் (மூட்டில் உள்ள ரப்பர் உறை) உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கக் கூடாது. அந்த ரப்பர் இறுக்கிய நிலையையே தன் இயல்பு நிலையாகக் கொள்ளும். கார் தரையில் இறங்கியதும் அது முறுக்கப்பட்டபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துபோகும். போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்கிவிட்டு, காரின் எடை சக்கரத்தின்மேல் வந்த பிறகு முழுமையாக இறுக்க வேண்டும். முன்புற லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் காரின் அடிப்பகுதியோடு இணைக்கும் கை) புஷ்களுக்கும் இதுவே விதி: தாழ்த்திய உயரத்தில் அந்தப் போல்ட்டுகளை ஒருமுறை தளர்த்தி மறுபடி இறுக்குவது நல்லது.

மாத்தினதும் அலைன்மென்ட் பார்க்கணுமா? நேரா தானே போகுது வண்டி.

கட்டாயம் பார்க்க வேண்டும். கார் இறங்கியதும் ஸ்டீயரிங்கின் டை ராடும் லோயர் ஆர்மும் வெவ்வேறு கோணத்தில் சாய்வதால் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன் ஓரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறிவிடும். கேம்பரும் சிறிது உட்பக்கம் சாயும். வண்டி நேராகப் போவதாகத் தோன்றினாலும், டோ தவறினால் டயரின் உள் ஓரம் சில ஆயிரம் கிலோமீட்டரில் தேய்ந்துவிடும். தாழ்த்திய காரில் உள் ஓரம் தேய்ந்தால் எல்லோரும் கேம்பரைத்தான் குறை சொல்கிறார்கள், 30 மி.மீ. இறக்கத்தில் உண்மையான காரணம் பெரும்பாலும் டோ.

பொருத்திய அன்றே ஒருமுறை, ரப்பர் இருக்கைகள் பழகி உட்கார்ந்த பிறகு, ஏறத்தாழ 500 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை பார்ப்பது சரி. இ.எஸ்.பி. (கார் சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) உள்ள கார்களில், ஸ்டீயரிங்கை நேர்ப்படுத்தியிருந்தால் அதன் கோண உணரியின் பூஜ்ய நிலையையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். உயரத்தை அளக்கும்போது தரையிலிருந்து மட்கார்டு வரை அளக்காமல், சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்தால் டயர் காற்றின் வேறுபாடு கணக்கைக் குழப்பாது. மாற்றுவதற்கு முன்பே நான்கு மூலையையும் அளந்து எழுதி வைத்திருந்தால்தான் எவ்வளவு இறங்கியது என்று தெரியும்.

இறக்கினா திருப்பத்துல சாயாம நல்லா பிடிச்சு ஓடும், சரிதானே?

அளவோடு இறக்கினால் ஓரளவு சரி. எடையின் மையம் கீழே வருகிறது, ஸ்பிரிங்கும் விறைப்பாகிறது, இரண்டும் உதவும். ஆனால் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. திருப்பத்தில் காரின் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்தப் புள்ளி லோயர் ஆர்மின் கோணத்தைப் பொறுத்தது. காரை இறக்கும்போது ஆர்மின் வெளி முனை உடலைவிட மேலே ஏறிவிடுவதால், அந்தப் புள்ளி கார் இறங்கியதைவிட அதிகமாகக் கீழிறங்குகிறது. அதற்கும் எடை மையத்துக்கும் நடுவே உள்ள தூரம் கூடுவதால் காரைச் சாய்க்கும் நெம்பு வலுக்கிறது. அப்போது ஸ்பிரிங்கின் கூடுதல் விறைப்பில் ஒரு பகுதி, இறக்கியதால் வந்த இந்தக் கெடுதலைச் சரிக்கட்டவே செலவாகிறது. 60 மி.மீ. இறக்கிய காரைவிட 25 மி.மீ. இறக்கிய கார் மலைப்பாதையில் நன்றாகத் திரும்புவதற்கு இதுவும், மேலே சொன்ன பம்ப் ஸ்டாப் கணக்குமே காரணம். திருப்பத்தின் நடுவில் கட்டை தொட்டால் அந்தச் சக்கரம் திடீரென்று விறைத்துப் பிடிப்பை இழக்கும்.

ஸ்டீயரிங் திருப்பும்போது முன்னாடி "டக் டக்"னு சத்தம் வருது. என்ன பண்றது?

நின்ற இடத்தில் திருப்பும்போது வந்தால், ஸ்பிரிங் முனை படியில் உட்காரவில்லை அல்லது மேல் மவுன்டின் பேரிங் சரியாக அமரவில்லை என்று பொருள். ஒருவரைத் திருப்பச் சொல்லி ஸ்பிரிங்கின் மேல் கையை லேசாக வைத்துப் பார்த்தால், அது விட்டு விட்டுத் துள்ளுவது கைக்குத் தெரியும். ஓடும்போது சிறு மேடுகளில் மட்டும் வந்தால் ஸ்டெபிலைசர் லிங்க் நட்டையும் மேல் நட்டையும் பாருங்கள். இரண்டுமே ஸ்ட்ரட்டை மறுபடி பார்த்தால் தீரும் குறைகள். "பழகிப் போகும்" என்று விட்டுவிடக் கூடாது.

பிரேக்குக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?

ஏபிஎஸ் உள்ள காரில் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஏபிஎஸ் இல்லாத சில பழைய சிறிய கார்களில், பின் சஸ்பென்ஷனோடு ஒரு நெம்பால் இணைக்கப்பட்ட வால்வு இருக்கும். பின்புறம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்து அது பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைத் தீர்மானிக்கும். காரைத் தாழ்த்தினால், டிக்கியில் பாரம் ஏறிவிட்டதாக எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிவிடும். மழையில் அழுத்திப் பிடிக்கும்போது பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் சுழன்றுவிடும். உங்கள் வண்டியில் அந்த வால்வு இருந்தால், அதைச் சரியமைக்காமல் பணிமனையிலிருந்து வெளியே எடுக்காதீர்கள். ஹெட்லைட்டின் உயரத்தையும் சுவரில் அடித்துப் பார்த்துத் திருத்துங்கள்.

முன்னாடி மட்டும் இறக்கினா போதுமா? பின்னாடி குடும்பம் உட்காருவாங்க.

ஒரு பக்கம் மட்டும் விறைத்தால் காரின் நடத்தை சமநிலை இழக்கும். நான்கும் ஒரே தொகுப்பிலிருந்து வர வேண்டும். அடிக்கடி ஐந்து பேரும் பெட்டிகளுமாகப் போகிறவர் என்றால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பாரம் ஏறியதும் பின்புறம் தானே அமுங்கும், அதன்மேல் தாழ்த்தியதும் சேரும். பம்ப் ஸ்டாப் கணக்கை அந்தப் பாரத்தோடு போட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட பயன்பாட்டுக்கு ஸ்பிரிங்கைத் தொடாமல் நல்ல ஷாக், நல்ல டயர் போடுவதே மேல்.

இது சட்டப்படி சரியா? போலீஸ் பிடிப்பாங்களா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை அழுத்தமாக உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆர்.சி.யில் தரை இடைவெளி எழுதப்படுவதில்லை என்பதை வைத்து ஸ்பிரிங் இதில் அடங்காது என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தை நம்பி யாரையும் இறங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பதில் பெறுவதே பாதுகாப்பு. ஜெர்மனியின் டியூஃப் (TÜV) என்ற சோதனை அமைப்பின் சான்று உள்ள ஸ்பிரிங் தரத்துக்கு நல்ல அடையாளம்; ஆனால் அந்தச் சான்று அந்நாட்டுச் சாலைக்கானது, இங்கே அனுமதியாகாது.

இன்ஷூரன்ஸ், வாரன்டி போயிடுமா?

சஸ்பென்ஷன் சார்ந்த வாரன்டி போய்விடும் என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுதித் தெரிவித்து, அவர்கள் ஏற்றதற்கான குறிப்பைப் பாலிசியில் பெற்றுக்கொள்ளுங்கள். தெரிவிக்காத மாற்றம் விபத்துக்குப் பின் சர்வேயர் கண்ணில் பட்டால் இழப்பீடு மறுக்கப்பட இடமுண்டு.

கழட்டின ஒரிஜினல் ஸ்பிரிங்கை என்ன பண்றது? கடையில எடுத்துக்கிறேன்னு கேட்கிறாங்க.

கொடுக்காதீர்கள். முன் இடது, முன் வலது, பின் என்று பெயின்டால் எழுதி, பம்ப் ஸ்டாப்புகளை வெட்ட நேர்ந்திருந்தால் அவற்றுக்குப் பதில் புதிய ஜோடி ஒன்றையும் சேர்த்து வீட்டில் வையுங்கள். காரை விற்கும்போதோ, போக்குவரத்து அலுவலகத்தில் பழைய நிலைக்கு மாற்றச் சொன்னாலோ, வேறு ஊருக்குக் குடிபோய் அங்கே சாலை மோசமாக இருந்தாலோ அவை தேவைப்படும். திரும்ப மாற்றினாலும் அலைன்மென்ட், ஹெட்லைட், புஷ் போல்ட்டுகள் மூன்றையும் மறுபடி பார்க்க வேண்டும்.